14 இடங்களும் ஐந்து மொழிகளும்: புக்கோவினா தன் வாக்காளர்களைப் பிரித்துக்கொண்ட கதை

1907 மே மாதம் ஆஸ்திரியப் பேரரசின் நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. 24 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும் சமமான, நேரடியான, ரகசிய வாக்கு என்ற ஏற்பாட்டில் அந்தப் பேரரசு கண்ட முதல் தேர்தல் அது. வியன்னாவில் மொத்தம் 516 இடங்கள். அதில் பேரரசின் கிழக்கு மூலையில் கிடந்த புக்கோவினா என்ற சிறு மாகாணத்துக்கு 14.

அந்த 14 இடங்களை யாருக்கு எத்தனை என்று சட்டம் எழுதியவர்கள் வாக்குப்பதிவுக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ருத்தேனியருக்கு (இன்று உக்ரைனியர் என்கிறோம்) 5, ரோமானியருக்கு 5, ஜெர்மானியருக்கும் யூதருக்கும் சேர்த்து 4. அந்தக் கணக்குக்குத் தக்கபடி தொகுதி எல்லைகள் வரையப்பட்டன. ஊர் ஊராகப் பிரித்து, முடிந்தவரை ஒரே மொழிக்காரர்கள் ஒரே தொகுதிக்குள் வரும்படி கோடு போட்டார்கள். போலந்துக்காரர்களுக்கும், தெற்கே சில கிராமங்களில் இருந்த ஹங்கேரியருக்கும் தனியாக இடம் இல்லை.

ஒரு பிரதேசத்தில் பல இனங்கள் சேர்ந்து வாழ்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தலைவர்கள் உருவாகிறார்கள், அவர்கள் தேர்தலில் மோதுகிறார்கள் என்றுதான் நாம் வழக்கமாக நினைக்கிறோம். புக்கோவினாவின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று தெரிந்தது. அங்கே தேர்தல் சட்டம்தான் முன்னால் நடந்தது. எந்தக் கூட்டத்தை ஓர் இனமாக எண்ணுவது, யார் அதன் தலைவர், அவர் யாரிடம் வாக்குக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் சட்டம் தீர்மானித்தது. பிறகு தலைவர்களே அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி திருத்தி எழுதினார்கள். அதனால் சண்டை தணிந்தது உண்மை. அதற்கு ஒரு விலை கொடுத்ததும் உண்மை.

நிலமும் மக்களும்

புக்கோவினா முன்பு மால்டாவியா என்ற சிற்றரசின் வடமேற்குப் பகுதி. 1774-இல் ஆஸ்திரியப் படை உள்ளே வந்தது, மறு வருடம் இணைப்பு முடிந்தது. கொஞ்ச காலம் ராணுவ ஆட்சி. அப்புறம் பல பத்தாண்டுகள் பக்கத்து கலீசியாவோடு ஒட்டிய ஒரு மாவட்டம். 1849-இல்தான் தனி மாகாணம் ஆனது. தலைநகர் செர்னோவிட்ஸ், இன்று உக்ரைனில் செர்னிவ்சி என்ற பெயரில் இருக்கும் நகரம்.

1910 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறக்குறைய 8 லட்சம். பேசும் மொழியை வைத்துப் பார்த்தால் ருத்தேனியர் சுமார் 38 சதவீதம், ரோமானியர் 34, ஜெர்மன் பேசுவோர் 21, போலந்து மொழி பேசுவோர் 4.6, ஹங்கேரியர் ஒன்றேகால் சதவீதம் போல. வடக்கில் ருத்தேனியர் அதிகம், தெற்கில் ரோமானியர் அதிகம். நடுவில் இரண்டும் கலந்த ஊர்கள். ஒரே வீட்டில் பாட்டி ஒரு மொழி, மருமகள் ஒரு மொழி என்பது அங்கே அதிசயமில்லை. ருத்தேனியரிலும் ரோமானியரிலும் பெரும்பாலானவர்கள் ஒரே ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் என்பதால், மதத்தை வைத்தும் அவர்களைப் பிரிக்க முடியாது.

அந்த 21 சதவீத ஜெர்மன் கணக்கைக் கவனிக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் யூதர்கள். மாகாணத்தில் யூதர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், மக்கள் தொகையில் சுமார் 13 சதவீதம். அவர்களில் பலருக்கு வீட்டு மொழி இத்திஷ். ஆனால் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட மொழிகளில் இத்திஷ் இல்லை. அதனால் அவர்கள் காகிதத்தில் 'ஜெர்மன்' ஆனார்கள். படிவத்தில் இல்லாத இந்த ஒரு கட்டம் பின்னால் பெரிய சிக்கலாக வெடிக்கும்.

நிலக்கிழார் காலம்

1861-இல் மாகாண சபை அமைந்தபோது அதில் இனம் என்ற பேச்சே சட்டத்தில் இல்லை. அந்தஸ்துதான் இருந்தது. வாக்காளர்களைப் பிரிவு பிரிவாக வகுத்தார்கள். ஆயருக்குத் தனி இடம். பெருநிலக்கிழார்கள் 10 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், நகரங்கள் 5, வணிகர் சங்கம் 2. மாகாணம் முழுக்க இருந்த கிராமங்களுக்கெல்லாம் சேர்த்து 12. கிராமத்து மனிதன் நேராக வாக்குப் போட முடியாது. ஊர்க்காரர்கள் சில தேர்வாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்தத் தேர்வாளர்கள் போய் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். நிலக்கிழாரும் பாதிரியாரும் மாவட்ட அதிகாரியும் அந்தத் தேர்வாளர்களைக் கூப்பிட்டுப் பேசினால் வேலை முடிந்தது.

இந்த ஏற்பாட்டில் மேலே வந்தவர்கள் ரோமானியப் பிரபுக் குடும்பங்கள். ஹுர்முசாகி குடும்பம் அதில் முக்கியமானது. திருச்சபையின் உயர் பதவிகளும் பெரும்பாலும் ரோமானியர் கையில். மாகாண நிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஆர்த்தடாக்ஸ் மத நிதியத்தின் சொத்து என்பதை நினைவில் வைத்தால், அந்தப் பதவிகளுக்கு ஏன் அவ்வளவு போட்டி என்பது புரியும். ருத்தேனியர் திருச்சபையில் சம பங்கு கேட்டபோது ரோமானியர் அவ்வளவு கோபப்பட்டதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. காடும் வயலும் அதில் இருந்தன.

வியன்னா நாடாளுமன்றத்துக்கு 1873 முதல் நேரடியாகத் தேர்தல் வந்தது, புக்கோவினாவுக்கு 9 இடம். 1896 சீர்திருத்தத்தில் ஆண்கள் எல்லோரும் வாக்களிக்கும் ஐந்தாவது பிரிவு ஒன்றைச் சேர்த்தார்கள், 11 ஆனது. அந்தப் பழைய நான்கு பிரிவுகளும் அப்படியே இருந்தன. ஆனால் கதவு கொஞ்சம் திறந்துவிட்டது. 1875-இல் செர்னோவிட்ஸில் தொடங்கிய பல்கலைக்கழகம் இதற்குள் கால் நூற்றாண்டுப் பட்டதாரிகளை வெளியே அனுப்பியிருந்தது. வழக்கறிஞர்கள், பள்ளி ஆசிரியர்கள், பேராசிரியர்கள். நிலம் இல்லாத, ஆனால் மேடையில் பேசத் தெரிந்த ஒரு புதுத் தலைமுறை.

நான்கு பேர் கூடிய அணி

இந்தத் தலைமுறையில் மூன்று பேரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

பென்னோ ஸ்ட்ராவ்கர் ஒரு யூத வழக்கறிஞர். செர்னோவிட்ஸுக்கு அருகே 1854-இல் பிறந்தவர். நகர சபையில் தொடங்கி 1897-இல் வியன்னா நாடாளுமன்றம் வரை போனார். யூத சமூக நிர்வாகத்தின் தலைமையும் பிறகு அவரிடம் வந்தது. கடைத்தெரு வியாபாரியும் தையல்காரரும் தன் பக்கம் இருக்க வேண்டும் என்று அவர்களோடு பேசியவர். அதற்கு முன் இருந்த யூதத் தலைவர்கள் வசதியானவர்கள், ஜெர்மன் கட்சிகளுக்குள்ளேயே இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள். ஸ்ட்ராவ்கர் அப்படி நினைக்கவில்லை. யூதர் என்பது மதம் மட்டுமல்ல, ஒரு தேசிய இனம், எனவே அதற்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்றார்.

நிக்கோலாய் வாசில்கோ பெருநிலக்கிழார் குடும்பம். 1868-இல் பிறந்தவர். அதே குடும்பப் பெயர் கொண்ட பிரபுக்கள் ரோமானிய முகாமில் இருந்தார்கள். இவர் ருத்தேனியர் பக்கம் வந்து அவர்களுடைய முதன்மைத் தலைவர் ஆனார். ருத்தேனியக் குடியானவர்களுக்கு எண்ணிக்கை இருந்தது, பிரபுக்கள் இல்லை. வாசில்கோவிடம் பிரபுப் பட்டமும் வியன்னாவின் கதவைத் தட்டும் தைரியமும் இருந்தன. இரண்டும் ஒன்றுசேர்ந்தன. இதைப் பச்சோந்தித்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு மொழிகளும் கலந்து ஓடிய குடும்பங்களில் ஒருவர் எந்தப் பக்கம் நிற்பது என்பது பிறப்பிலேயே முடிந்த விஷயமாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஔரெல் ஒன்ச்சுல் ரோமானியர், 1864-இல் பிறந்தவர். பேரரசின் இன்னொரு மாகாணமான மொராவியாவின் ப்ர்னோ நகரில் காப்பீட்டுத் துறையில் உயர் பதவியில் இருந்தவர். 1902-இல் அங்கிருந்தபடியே ஒரு ரோமானிய இதழ் தொடங்கி, தன் சொந்த இனத்துப் பிரபுக்களைத் தாக்கி எழுதினார். ரோமானியக் குடியானவனுக்கு எதிரி ருத்தேனியக் குடியானவன் அல்ல, இருவருக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் நிலக்கிழார்தான் என்பது அவர் வாதம். ரோமானிய தேசிய இயக்கத்துக்கு இது அதிர்ச்சி. அதன் முக்கியத் தலைவர் யான்கு ஃப்லோன்டோரே ஒரு நிலக்கிழார்.

1903-இல் இந்த மூவரும், ஜெர்மானியர் பக்கமிருந்து சட்டப் பேராசிரியர் ஆர்தர் ஸ்கெட்லும் சேர்ந்து 'சுதந்திரச் சிந்தனை அணி' என்று ஒன்றை அமைத்தார்கள். நான்கு இனத்தவர், ஒரே அணி. ஆசிரியர் சம்பள உயர்வு, குடியானவர்களுக்குக் கடன் கொடுக்க மாகாண வங்கி, வாக்குரிமைச் சீர்திருத்தம் என்று கோரிக்கைகள். ஆசிரியர் சம்பளத்தை முன்னால் வைத்தது நல்ல அரசியல். பாதிக்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கத் தெரியாத மாகாணத்தில் பத்திரிகையை ஊரில் உரக்கப் படித்துக் காட்டுபவர் ஆசிரியர்தான். பாதிரியாருக்கு எதிரான குரல் கிராமத்தில் அவரிடமிருந்துதான் வரும்.

1904 மாகாண சபைத் தேர்தலில் அந்த அணி வென்றது. நிலக்கிழார்களின் நாற்பது ஆண்டு ஆதிக்கம் அசைந்தது. ஆனால் அணி நீடிக்கவில்லை, அடுத்த வருடமே உடைந்தது. தலைவர்களுக்குள் சண்டை, ஒவ்வொருவருக்கும் தன் இனத்துக்குள்ளேயே எதிரிகள். வெளியே இருந்து பார்த்தால் தோல்வி. ஆனால் இந்த மனிதர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துவிட்டார்கள். யாரிடம் என்ன பேரம் பேசலாம், யார் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்பது தெரிந்துவிட்டது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் நடந்தது எல்லாவற்றுக்கும் அந்தப் பழக்கம்தான் முதலீடு.

1907: வியன்னாவுக்குப் போனவர்கள்

இனி மீண்டும் அந்த 14 இடங்கள். ஆண்கள் அனைவருக்கும் வாக்கு வந்ததும் பழைய பிரபுக்கள் பயந்த அளவுக்குத் துடைத்தெறியப்படவில்லை. ஆனால் வாக்குக் கேட்கும் முறை மாறியது. தொகுதி ஒரே இனத்துக்கென்று வரையப்பட்டதால், ரோமானிய வேட்பாளர் ருத்தேனியரிடம் போய் நிற்கத் தேவையில்லை. அவருக்குப் போட்டி இன்னொரு ரோமானியர். 'நான்தான் உண்மையான ரோமானியன்' என்று நிரூபிப்பதே பிரசாரம் ஆனது. இனங்களுக்கிடையே மோதல் குறைந்தது, இனத்துக்குள்ளே சூடு ஏறியது.

அந்தக் கணக்கை மீறிய ஒரு வெற்றியும் உண்டு. செர்னோவிட்ஸில் சமூக ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் கிரிகோரோவிச்சி வென்றார். அவர் ரோமானியர். அவருக்கு வாக்களித்த தொழிலாளர்கள் பல மொழிக்காரர்கள். வரைபடத்தில் கோடு போட்டவர்கள் எதிர்பார்த்த மாதிரி வாக்காளர்கள் எல்லா இடத்திலும் நடந்துகொள்ளவில்லை என்பதற்கு இந்த ஒரு தொகுதி சாட்சி. நான்கு ஆண்டு கழித்து 1911-இலும் அவர் திரும்ப வென்றார்.

ஸ்ட்ராவ்கரும் வென்றார். கலீசியாவிலிருந்து வந்த மூன்று யூத தேசியவாதிகளோடு சேர்ந்து வியன்னாவில் 'யூத அணி' என்று தனியாக உட்கார்ந்தார். 4 பேர் கொண்ட அணி. ஆஸ்திரிய நாடாளுமன்றத்தில் யூதர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள், ஆனால் ஜெர்மன் கட்சியிலோ போலந்து அணியிலோ இருந்தார்கள். யூதர் என்ற பெயரிலேயே ஒரு நாடாளுமன்றக் குழு அமைந்தது அப்போதுதான்.

சமரசம்: பதிவேட்டில் எழுதப்பட்ட இனம்

மொராவியாவில் 1905-இல் செக்கியரும் ஜெர்மானியரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வாக்காளர்களை இரண்டு தேசியப் பதிவேடுகளாகப் பிரிப்பது. செக் பதிவேட்டில் இருப்பவர் செக் வேட்பாளர்களில் ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பார், ஜெர்மன் பதிவேட்டில் இருப்பவர் ஜெர்மன் வேட்பாளருக்கு. தொகுதி நிலத்தின் மீது இல்லை, மனிதன் மீது. ஒரே தெருவில் குடியிருக்கும் இருவர் இரண்டு வேறு தொகுதிகளில் இருக்கலாம். ஒன்ச்சுல் பல வருடம் வேலை பார்த்தது அந்த மொராவியாவில் என்பதை மறக்க வேண்டாம்.

புக்கோவினாவில் இதைச் செய்வது கடினமான வேலை. இரண்டு இனம் அல்ல, ஐந்து. ஆனாலும் 1909 அக்டோபரில் மாகாண சபை புதிய தேர்தல் சட்டத்தை நிறைவேற்றியது. 1910 மே மாதம் பேரரசர் ஒப்புதல் அளித்தார். 63 உறுப்பினர்கள் கொண்ட சபை. ரோமானியர், ருத்தேனியர், ஜெர்மானியர், போலந்துக்காரர் என்று தேசியப் பதிவேடுகள். பழைய அந்தஸ்துப் பிரிவுகளை முழுக்கக் கைவிடவில்லை, அவற்றின் மேலேயே இனப் பிரிவும் வந்தது. பெருநிலக்கிழார்கள் தங்கள் இடங்களை இழக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

சபை முதலில் எழுதிய வரைவில் யூதர்களுக்கும் தனிப் பதிவேடு இருந்தது. ரோமானியத் தலைவர், ருத்தேனியத் தலைவர், யூதத் தலைவர், ஜெர்மானியர் எல்லோரும் அதற்கு உடன்பட்டார்கள். ஜெர்மானியருக்கும் அது வசதி, யூத வாக்கில் தாங்கள் மூழ்கிவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. ஏற்காதது வியன்னா. யூதர் ஒரு மதம், தேசிய இனம் அல்ல என்பது அரசின் நிலை. ஒருமுறை இங்கே ஒப்புக்கொண்டால் பிற மாகாணங்களிலும் யூதர்களைத் தனியே ஒதுக்கச் சொல்லி யூத வெறுப்பாளர்கள் இதையே ஆதாரமாகக் காட்டுவார்கள் என்ற கவலையும் சொல்லப்பட்டது. அந்தக் கவலை பொய்யல்ல. வியன்னா நகர நிர்வாகத்தில் அன்று யூத வெறுப்பை மேடை போட்டு விற்ற கட்சியே ஆட்சியில் இருந்தது.

அப்புறம் செய்தது என்ன? சட்டத்தில் யூதர் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஜெர்மானியரும் யூதரும் ஒரே பதிவேடு. ஆனால் அந்தப் பதிவேட்டுக்குள் தொகுதிகளை வரையும்போது, சில தொகுதிகளில் யூதர் பெரும்பான்மை, சில தொகுதிகளில் கிறிஸ்தவ ஜெர்மானியர் பெரும்பான்மை என்று வரும்படி எல்லை போட்டார்கள். பெயர் சொல்லாமல் யூதர்களுக்கு அவர்கள் இடங்களைக் கொடுத்துவிட்டார்கள். 1911 வசந்தத்தில் நடந்த மாகாணத் தேர்தலில் அது எதிர்பார்த்தபடியே நடந்தது.

ஸ்ட்ராவ்கருக்கு இது வெற்றியா தோல்வியா என்று வரலாற்றாளர்கள் விவாதிக்கிறார்கள். இடம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. என் பார்வையில் பெயர்தான் அவருக்கு முக்கியம். அதற்காகத்தான் அவர் அரசியல் வாழ்க்கை முழுவதும் வாதாடினார். 1908-இல் செர்னோவிட்ஸ் நகர நாடக அரங்கத்துக்குப் பக்கத்திலேயே 'யூத தேசிய இல்லம்' எழுந்ததும், அதே வருடம் அதே நகரத்தில் கூடிய இத்திஷ் மொழி மாநாடு இத்திஷை யூதர்களின் ஒரு தேசிய மொழி என்று அறிவித்ததும் இந்தப் பின்னணியில்தான். கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லாததால் வந்த வேதனை அது.

அதே 1909-இல் இந்திய கவுன்சில் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கொடுத்தது நம் வாசகர்களுக்கு நினைவு வரும். ஒரு வேறுபாடு உண்டு. இந்தியாவில் அந்தச் சட்டத்தை எழுதியது வெளியிலிருந்து ஆண்ட அரசு. புக்கோவினாவில் பிரிவினைக் கோட்டை உள்ளூர்த் தலைவர்களே உட்கார்ந்து பேசி வரைந்து வியன்னாவுக்கு அனுப்பினார்கள்.

யாருக்கு லாபம்

இந்தச் சமரசத்தைப் பல இனத்தவர் சேர்ந்து வாழ்வதற்கான முன்மாதிரி என்று இன்றும் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் நியாயம் உண்டு. கலீசியாவில் போலந்துக்காரருக்கும் ருத்தேனியருக்கும் பகை முற்றி, 1908-இல் ஒரு ருத்தேனிய மாணவர் மாகாண ஆளுநரையே சுட்டுக் கொன்றார். பொஹீமியாவில் செக்கியரும் ஜெர்மானியரும் சபையை நடக்கவே விடவில்லை. புக்கோவினாவில் மூன்று மொழிகளில் உறுப்பினர்கள் பேசினார்கள், சபை வேலை செய்தது, பள்ளிகள் பெருகின.

ஆனால் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது தலைவர்களின் சமரசம் என்பது தெரியும். எந்த இனத்துக்கு எத்தனை இடம் என்பது சட்டத்திலேயே உறுதியான பிறகு, வாக்காளர் ஒரு தலைவரைத் தண்டிக்க நினைத்தால் தன் இனத்திலேயே இன்னொருவரைத்தான் தேட வேண்டும். 1903-இல் ஒன்ச்சுல் சொன்னாரே, ரோமானியக் குடியானவனும் ருத்தேனியக் குடியானவனும் ஒரு பக்கம் என்று, அந்த அரசியலைப் புதிய சட்டத்தின்கீழ் நடத்தவே முடியாது. இருவரும் ஒரே பெட்டியில் வாக்குப் போட மாட்டார்கள். அந்தச் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒன்ச்சுலும் ஒருவர் என்பதுதான் என் மனதை உறுத்துகிறது. அவருக்கு அது புரியாமல் இருந்திருக்காது. சண்டையை நிறுத்துவது முதலில், மற்றது பிறகு என்று நினைத்திருக்கலாம்.

எந்தப் பதிவேட்டிலும் சேராதவர்கள் வேறு. கலப்புக் குடும்பங்கள், வீட்டில் ஒன்று வெளியே ஒன்று பேசியவர்கள், 'நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்' என்று மட்டும் சொல்லிக்கொண்டவர்கள். அவர்களும் ஏதாவது ஒரு பட்டியலில் ஏறியாக வேண்டும். செர்னோவிட்ஸ் நகரத்தின் மேயராக ஏறக்குறைய கால் நூற்றாண்டு இருந்த அன்டோன் கோகனோவ்ஸ்கி ஒரு போலந்துக்காரர். ஜெர்மன் பேசும், யூதர் நிறைந்த நகரம் அவரை மேயராக ஏற்றுக்கொண்டது. அவர் 1905-இல் விலகினார். அவருக்குப் பின் வந்த எடுவார்ட் ரைஸ் யூதர். இப்படிப்பட்ட அரசியலுக்கும் பதிவேட்டு அரசியலுக்கும் இடையில் சில வருடங்கள்தான் இடைவெளி.

முடிந்த விதம்

அந்தச் சட்டத்தின்கீழ் ஒரே ஒரு மாகாணத் தேர்தல்தான் நடந்தது. 1914-இல் போர் வந்தது. ரஷ்யப் படை செர்னோவிட்ஸை மூன்று முறை பிடித்தது, மூன்று முறை இழந்தது. சமரசம் நீண்ட காலத்தில் என்ன ஆகியிருக்கும் என்று சோதிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

1918 இலையுதிர்காலத்தில் பேரரசு உடைந்தது. அக்டோபர் 27-இல் செர்னோவிட்ஸில் கூடிய ரோமானியப் பேரவை, ஃப்லோன்டோர் தலைமையில், மாகாணம் முழுவதையும் கேட்டது. நவம்பர் 3-இல் ருத்தேனியர் அதே நகரத்தில் பெரும் கூட்டம் கூட்டி வடக்கைக் கேட்டார்கள். நவம்பர் 6-இல் கடைசி ஆஸ்திரிய ஆளுநர் அதிகாரத்தை இரண்டு பேரிடம் ஒப்படைத்தார். ஒருவர் உக்ரைனியர் சார்பில் ஒமெல்யான் போபோவிச். இன்னொருவர் ரோமானியர் சார்பில் ஒன்ச்சுல். பெரும்பான்மையைப் பார்த்து வடக்கையும் தெற்கையும் பிரித்துக்கொள்வது, நகரத்தைச் சேர்ந்து நிர்வகிப்பது என்பது அவர்கள் ஏற்பாடு. பதினைந்து வருடமாகச் செய்துவந்த வேலையைத்தான் ஒன்ச்சுல் அன்றும் செய்தார்.

அது ஐந்து நாள் நீடித்தது. நவம்பர் 11-இல் ஜெனரல் சாடிக் தலைமையில் ரோமானியப் படை நகரத்துக்குள் வந்தது. நவம்பர் 28-இல் கூடிய காங்கிரஸ் புக்கோவினா முழுவதையும் ரோமானியாவோடு இணைக்கத் தீர்மானித்தது.

வாசில்கோ உக்ரைனியக் குடியரசின் தூதராக மேற்கு ஐரோப்பாவில் அலைந்து 1924-இல் ஜெர்மனியில் இறந்தார். ஸ்ட்ராவ்கர் புக்கரெஸ்ட் நாடாளுமன்றத்துக்கும் தேர்வாகிப் போனார். சோவியத் படை நகரத்தைப் பிடித்த 1940-இல் செர்னோவிட்ஸிலேயே இறந்தார். ஒன்ச்சுலை ரோமானியத் தரப்பு மன்னிக்கவில்லை. உக்ரைனியரோடு கையெழுத்துப் போட்ட துரோகி என்ற பெயரோடு 1921-இல் அவர் இறந்தார், அவர் எதிர்த்த ஃப்லோன்டோருக்கு இணைப்பின் நாயகன் என்ற பெயர் நிலைத்தது.